குப்பையும் செய்தியே

நம் கல்லூரித் தமிழ்ச்சங்கத்தின் சித்திரக் குறிப்பேட்டில் இவ்வாண்டு இடம்பெற்ற பக்கமொன்றைக் குறித்து விடுதியிலும் வகுப்பறை வாயில்களிலும் பலவாறு பேசப்படுகின்றது. செய்தித்தாள் போன்ற தோற்றத்தில் அமைந்த அப்பக்கத்தில், பேட்டைத் துப்புரவு நாளன்று நாம் திரட்டிய குப்பையின் விவரமே தலைப்புச் செய்தியாகவும், விளம்பரமாகவும், காணாமற்போனவற்றின் அறிவிப்பாகவும் அமைக்கப்பட்டுள்ளது. நல்ல வேலை என்றனர் சிலர். நம் வீட்டுக் குப்பையை நாமே சட்டமிட்டு மாட்டுவதா என்று முகஞ்சுளித்தனர் வேறு சிலர். பழைய மாணாக்கர் ஒருவர், அப்பக்கத்தைக் கிழித்தெறிதலே கல்லூரிக்குச் செய்யத்தகும் நன்றி என்று கடிதமும் விடுத்துள்ளார். அதனை ஒட்டிய கைகளுள் எம்முடைய கைகளும் உள்ளன. ஆதலின் எம் கருத்தை ஈண்டு வெளியிடுதல் எம் கடனாகின்றது.

இக்குறிப்பேடு இன்னதென்று அறியாத அன்பர்பொருட்டுச் சில சொற்கள். முன்னாளில் நம் சங்கம் ஒரு கையெழுத்துப் பத்திரிகை நடத்திவந்தது. முத்துப்போன்ற கையெழுத்துடையார் ஒருவர் எழுத, ஓவியம் வல்லார் ஒருவர் அட்டை தீட்ட, அதன் ஒரே பிரதி நூல்நிலைய மேசைமீது கிடந்து பல கைகள் பட்டுக் கந்தலாகும். கணிப்பொறி வந்தபின் அப்பத்திரிகை நின்றுபோயிற்று. அதன் வழித்தோன்றலே இக்குறிப்பேடு. தடித்த தாள்களாலாகிய பெரிய புத்தகமொன்றில் திங்கள்தோறும் ஒரு பக்கம் நிரப்பப்பெறும். எழுத்தும் ஓவியமும் ஒட்டுவேலையும் அதில் விரவி வரும். அத்திங்களில் நம்மிடையே நிகழ்ந்த ஒன்று அதற்குப் பொருளாகும். அச்சேறுவதன்று, ஆதலால் அதில் மெய்யை மறைக்கவேண்டிய தேவையும் குறைவு என்றே யாம் எண்ணியிருந்தோம்.

துப்புரவு நாளுக்குரிய பக்கத்தைச் செய்தித்தாள் வடிவில் ஆக்குவதென்று முடிவாயிற்று. பழைய பேப்பர் கடையில் இரண்டு கிலோ தாள் வாங்கினோம். இவ்வேலையில் இறங்கியவர்க்கன்றிப் பிறர்க்குத் தோன்றாத நுட்பங்கள் சில உண்டு. செய்தித்தாளை மேலிருந்து கீழாகக் கிழித்தால் கோடு பிடித்தாற்போல நேரே கிழியும். குறுக்கே கிழித்தாலோ பல்லும் பறையுமாகக் கிழியும். ஆலையில் காகிதம் ஓடும் திசையிலேயே நார்கள் படிந்துவிடுவது இதற்குக் காரணம். நேர்க்கிழிசலைப் பத்திகளுக்கும், பற்கிழிசலைப் பக்கத்தின் ஓரங்களுக்கும் கொண்டோம். மைதா மாவைக் கஞ்சியாகக் காய்ச்சிப் பூச்சியரிக்காவண்ணம் சிறிது மயில்துத்தம் சேர்த்த பசையே கடைப்பசையினும் நன்று; தாள் சுருங்குவதில்லை. ஒட்டிய தாள் உலர்ந்தபின் வெள்ளை வண்ணத்தை நீர்போலக் கரைத்து மேலே பூசினால், அச்செழுத்துக்கள் மங்கிப் பின்னணியில் முணுமுணுக்கும்; அதன்மேல் நம் எழுத்துத் தெளிவாக நிற்கும். தலைப்புக்குரிய எழுத்துக்களை விளம்பரங்களினின்று ஒவ்வொன்றாக வெட்டியெடுத்தோம். 'ழ'கரம் கிடைப்பதுதான் அரிதாயிருந்தது. அரைமணி நேரம் தேடி ஒரு நகைக்கடை விளம்பரத்தில் கண்டுபிடித்தோம்.

அத்தாளும் ஒருவகையிற் குப்பையினின்று பிறந்ததே என்பதை அப்போது நினைந்து வியந்தோம். கரூரையடுத்த காகிதபுரத்தில் 1979-ஆம் ஆண்டில் நம் மாநில அரசு நிறுவி, 1984-இல் உற்பத்தி தொடங்கிய ஆலை, சாறு பிழிந்தபின் எஞ்சும் கரும்புச் சக்கையினின்றே செய்தித்தாளுக்குரிய காகிதத்தைச் செய்து காட்டியது. செய்தித்தாள் விரைவிற் பழுப்பேறுவதை யாவரும் அறிவர். வேதிப்பொருளாற் சுத்தி செய்யாது அரைத்தெடுத்த மரக்கூழில் லிக்னின் என்னும் பொருள் தங்கிவிடுதலால், வெயிலும் காற்றும் பட்டவளவில் அது நிறம் மாறுகின்றது. நம் பக்கமும் சில ஆண்டுகளிற் பழுப்பேறும். அதுபற்றி எமக்கு வருத்தமில்லை.

செய்தித்தாளைக் கிழித்து ஒட்டுதல் சிறுபிள்ளை விளையாட்டு என்று இகழ்வாரும் நம்மிடையே உளர். 1912-ஆம் ஆண்டின் இறுதியில் பாரிஸ் நகரில் பிக்காஸோ தம் ஓவியங்களில் செய்தித்தாட் துண்டுகளை ஒட்டத் தொடங்கினார். கித்தாரும் இசைத்தாளும் கண்ணாடிக் குவளையும் அமைந்த ஓர் ஒட்டோவியத்தில், பால்கன் போர் மூண்டிருந்த அந்நாளில் வெளிவந்த இதழொன்றின் தலைப்பையே வெட்டிப் பதித்தார். இசையும் குவளையும் களிப்பின் சின்னங்கள். அவற்றின் அருகே போர்ச் செய்தி. ஜெர்மனியின் ஹானோவர் நகரத்துக் குர்ட் ஷ்விட்டர்ஸ் இதனினும் ஒருபடி மேற்சென்றார். முதல் உலகப்போர் ஓய்ந்தபின், 1919-ஆம் ஆண்டு முதலாக, தெருவிற் கிடந்த டிராம் வண்டிச் சீட்டு, உறைத்தாள், செய்தித்தாட் கிழிசல் முதலியவற்றைப் பொறுக்கிவந்து ஒட்டிப் படமாக்கினார். ஒரு வங்கியின் விளம்பரத்திலிருந்த சொல்லொன்றை வெட்டியபோது எஞ்சிய 'மெர்ஸ்' என்னும் பொருளற்ற துண்டையே தம் கலைக்குப் பெயராக வைத்துக்கொண்டார். உடைந்துபோன ஒரு நாட்டின் நிலையை அக்குப்பைத் துண்டுகள் பேசின. ஓவியத்துக்குக் குப்பை தகாது என்பார்க்கு இவ்விருவரைக் காட்டுதலே போதுமென விடுகின்றோம்.

இனித் துப்புரவு நாளுக்கு வருவோம். ஒரு சனிக்கிழமை காலை, கல்லூரி வாயில் தொடங்கிப் பேருந்து நிலையம் வரையிலும் அதன் இருபுறச் சந்துகளிலும் நம் மாணாக்கர் இருநூற்றுவர்க்குக் குறையாமல் இறங்கி வேலை செய்தனர். விளக்குமாறு, முறம், கூடை, கையுறை யாவும் வந்திருந்தன. பேராசிரியர் பலரும் உடன் குனிந்து பொறுக்கினர். சாக்கடை ஓரம் பல நாளாகக் கிடந்த குவியலை நான்கு பேர் மண்வெட்டியால் வாரினர். அந்நால்வரும் அன்று உணவு கொள்ளவில்லை என்று கேள்வி. இரண்டரை மணி நேரத்திற்குள் தெரு பளிச்சென்றாயிற்று. மூட்டைகளைக் கட்டி மதிலோரம் அடுக்கி, அவற்றின் முன்னே நின்று புகைப்படம் எடுத்துக்கொண்டோம். மறுநாள் நாளிதழின் உட்பக்கத்தில் அது வெளிவந்தது. அப்படத்தையே குறிப்பேட்டுப் பக்கத்தின் நடுவில் ஒட்டுவதாக எம் முதல் எண்ணம். அதற்குத் தலைப்பும் வெட்டி வைத்திருந்தோம்.

திங்கட்கிழமை காலை எம்மிற் சிலர் அவ்வழியே சென்றபோது, மூட்டைகள் மதிலோரத்திலேயே இருந்தன. நாய்கள் சிலவற்றைக் கிழித்திருந்தன. அத்தெருவை நாள்தோறும் பெருக்கும் அம்மையார், தரையிலமர்ந்து ஒரு மூட்டையை அவிழ்த்துக்கொண்டிருந்தார். ஏனம்மா அவிழ்க்கிறீர்கள் என்று வினவினோம். அவர் நிமிர்ந்து எம்மை நோக்கினார். சினம் ஒன்றும் இல்லை.

"நீங்கதானா தம்பி கட்டினது? எல்லாத்தையும் ஒண்ணாப் போட்டு அமுக்கி வெச்சிருக்கீங்க. பிரிக்காத மூட்டைய வண்டிக்காரரு ஏத்தமாட்டாரு. மக்கறத ஒருபக்கம், மக்காதத ஒருபக்கம் நான்தான் பிரிக்கணும். நேத்து வண்டி வராது. சனிக்கிழமையே சொல்லியிருந்தீங்கன்னா வண்டியோட நின்னுருப்பேன்."

2016-ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள் மக்கும் குப்பை, மக்காத குப்பை, வீட்டில் தோன்றும் தீங்குதரு குப்பை என மூவகையாகப் பிறப்பிடத்திலேயே பிரித்தல் வேண்டும் என்று விதித்தன. அவ்விதியைத் தேர்வுத்தாளில் எழுதி மதிப்பெண் பெற்றவர் எம்முள் இருவர். தெருவில் இறங்கியபோது ஒருவர்க்கும் அது நினைவுக்கு வரவில்லை. தெருவிற் பரந்து கிடந்ததை ஓரிடத்தில் கூட்டிக் குழப்பி, ஒரு மாதின் தலையில் இரண்டு நாள் வேலையை ஏற்றிவிட்டுப் புகைப்படத்துக்கு நின்றோம். பட்டவர்த்தனமாகச் சொன்னால், நாம் செய்தது அவ்வளவே.

அன்று முதல் வகுப்பை விடுத்து (இதனை இங்கு எழுதுவதால் நேரக்கூடியதை அறிவோம்) அவருடன் அமர்ந்து மூன்று மூட்டைகளைப் பிரித்தோம். அப்பொழுதுதான் குப்பையை முதன்முதலாகப் பார்த்தோம் எனல் வேண்டும். சனிக்கிழமை நாம் அதனைப் பொறுக்கினோமேயன்றிப் பார்க்கவில்லை. மிகுதியாக இருந்தவை தேநீர்க் காகிதக் குவளைகள். காகிதம் என்று பெயரேயொழிய, உட்புறம் பிளாஸ்டிக் பூச்சுடையவை. 2019-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் தொட்டு நம் மாநிலத்தில் தடைசெய்யப்பெற்ற பதினான்கு வகைப் பொருள்களுள் பிளாஸ்டிக் பூசிய காகிதக் குவளையும் ஒன்று. அடுத்து, எண்ணெய் ஊறிய செய்தித்தாட் பொட்டலங்கள். வடையையும் பஜ்ஜியையும் அச்சுத்தாளில் வைத்துத் தருதல் உடலுக்குக் கேடு என்று உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2016-இலும் 2023-இலும் எச்சரித்துள்ளது; எண்ணெய் படிந்த அத்தாள் பழைய பேப்பர் கடைக்கும் உதவாது. எம் புகைப்படம் வெளிவந்த தாளும் அவ்வாரத்திற்குள் வடை பொதிந்து அதே தெருவில் வீழ்ந்திருக்கும் என்பதில் எமக்கு ஐயமில்லை. பின்னும் ஷாம்பு உறைகள், பாக்கு உறைகள், ஒற்றைச் செருப்பு ஒன்று, மருந்துச் சீட்டுக்கள், அறுந்த காதொலிக் கம்பி, யாரோ ஒரு குழந்தையின் கணக்கு ஏடு.

இவையெல்லாம் எதிர்பார்த்தவை. எதிர்பாராதவை இரண்டு. ஒன்று, நம் கல்லூரிக் கலைவிழாவின் அறிவிப்புத் தாள்கள்; நூற்றுக்கு மேற்பட்டவை. நாமே அத்தெருவில் நின்று வழிப்போக்கர் கையில் திணித்தவை. மற்றொன்று, துப்புரவு நாளன்று நமக்குப் பருகத் தந்த நீரின் சிறு பிளாஸ்டிக் புட்டிகள். தெருவைத் துப்புரவு செய்யச் சென்ற நாம், அதே காலைப்பொழுதில் இருநூறு புட்டிகளைத் தெருவுக்கு ஈந்து, அவற்றையும் நம் வெற்றிக் கணக்கிற் சேர்த்து மூட்டை கட்டியிருக்கின்றோம்.

வெட்டி வைத்த தலைப்பை அன்று மாலையே குப்பைக்கூடையில் இட்டோம். மக்குங் குப்பைக்குரிய கூடையிலேதான். பக்கம் புதிதாயிற்று. 'அயலூர்ச் செய்தி' என்னும் பகுதியில், எவ்வெவ்வூர் ஆலைகளில் உறைகள் செய்யப்பட்டு வந்தன என்பதை அவற்றின்மேல் அச்சிட்ட முகவரிகளைக் கொண்டு எழுதினோம். 'காணாமற்போனவை' என்னும் பகுதியில் ஒற்றைச் செருப்பும் கணக்கு ஏடும். 'வாணிகம்' என்னும் பகுதியில் குவளைகள். தலைப்புச் செய்தி நம் கலைவிழாத் தாளும் நீர்ப்புட்டியும். புகைப்படத்திற்குரிய நடுவிடத்தில், மூட்டையருகே தரையிலமர்ந்த ஓர் உருவத்தின் முதுகுப்புறம் மட்டும் கரிக்கோலால் வரையப்பட்டுள்ளது. அம்மையார் தம் முகத்தை வரையலாகாது என்றார், வரையவில்லை. இதுவே அன்பர் சிலர்க்கு மானக்கேடாகத் தோன்றிய பக்கம்.

எம் கருத்து இது: துப்புரவு நாள் பயனுடையதாதற்கு, பொறுக்குதலினும் பார்த்தலும் எண்ணுதலும் குறித்தலும் முற்பட வேண்டும். இது எம் புதுக்கற்பனையன்று. 1986-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் டெக்ஸாஸ் கடற்கரையில் லிண்டா மரானிஸ், கேத்தி ஓஹாரா என்னும் இருவர் முயற்சியால் 2,800 பேர் கூடிக் குப்பை வாரினர். வாரியதோடு நில்லாமல், கைக்குக் கிடைத்த ஒவ்வொரு பொருளையும் அட்டையிற் குறிக்குமாறு அவர்களை அவ்விருவரும் பணித்தனர். அவ்வழக்கமே பல நாடுகளிற் பரவி இன்றளவும் நடந்துவருகின்றது. பல்லாண்டுகளாகப் புகைத்தெறிந்த சிகரெட்டுத் துண்டுகளே எண்ணிக்கையில் முதலிடம் பெற்றுவந்தன என்பதும், 2019-ஆம் ஆண்டுத் திரட்டில் தின்பண்ட உறைகள் அவற்றை முந்தின என்பதும் நமக்குத் தெரியவருவது அவ்வட்டைகளால் அன்றோ? எஸ்தோனியா என்னும் சிறு நாட்டில் 2008-ஆம் ஆண்டு மே 3-ஆம் நாள் ஐம்பதினாயிரம் மக்கள் ஒரே நாளில் பதினாயிரம் டன் குப்பையை அகற்றினர். அந்நாட்டின் மக்கட்தொகையோ பதின்மூன்று இலட்சமளவே. அப்பெருஞ்செயலுக்கு முன்னதாகவே தொண்டர்கள் காடும் வழியும் திரிந்து, குப்பை கிடக்கும் இடங்களை நிலப்படத்திற் குறித்து வைத்திருந்தனர். நம்மவர் இச்செயலைப் போற்றுங்கால் அந்த ஒரு நாளைப் போற்றுகின்றனர். அதற்கு முன் நடந்த குறிப்பு வேலையைப் போற்றுவார் அரியர்.

இனி, எம்மோடு மாறுபடுவார் கூறுவனவற்றுள் வலிமையுடையது ஒன்றுண்டு. மூத்த பேராசிரியர் ஒருவர் அமைதியாகக் கூறினார்: "குப்பை மீண்டும் வரும் என்பதை நானும் அறிவேன். துப்புரவு நாள் தெருவுக்காக அன்று, உங்களுக்காக. துடைப்பத்தைத் தொட்டறியாத கை ஒருநாள் தொட்டால், அவ்வேலையைச் செய்வாரை இகழும் எண்ணம் நீங்கும்." இதனை யாம் எளிதில் ஒதுக்கமாட்டோம். துப்புரவுத் தொழிலைச் சில சாதியார் தலைமேலேயே சுமத்தி, அவர்களையே தீண்டத்தகாதவர் என்று விலக்கிய நாட்டில், துடைப்பம் பிடிக்க நாணாமை ஒரு கல்வியே. காந்தியடிகள் 1901-இல் கல்கத்தாக் காங்கிரசுக்குச் சென்றபோது, அங்கிருந்த கழிப்பிடங்களின் கேட்டைக் கண்டு, தாமே ஒரு துடைப்பத்தைத் தேடிப்பெற்று ஒன்றைச் சுத்தம் செய்தார். ஆயினும் அது தமக்கு மட்டுமே பயன்பட்டதென்று தம் சரிதத்தில் ஒளியாது எழுதியுள்ளார். அந்த ஒப்புதலே எம்மைக் கவர்கின்றது. ஒருநாள் துடைப்பம் பிடித்ததால் நம் செருக்கு அடங்கலாம். அன்றி வளரவும் கூடும். புகைப்படத்தில் நம் முகங்களை உற்றுநோக்கிய யாம், அடங்கிய முகம் ஒன்றையும் கண்டிலேம். திங்கட்கிழமை தரையில் அமர்ந்து பிரித்த ஒருமணி நேரத்தில் எமக்கு நேர்ந்தது வேறு. பேராசிரியர் விரும்பும் பயன் அங்கேதான் கிட்டிற்று.

பழைய மாணாக்கரின் கடிதத்துக்கும் ஒரு சொல். கல்லூரியின் பெயருக்கு இழுக்கு என்கிறார். கலைவிழாத் தாள்களைத் தெருவில் இறைத்தபோது வாராத இழுக்கு, அவற்றை எண்ணி எழுதியபோது எங்ஙனம் வந்தது என்று அவர்தாம் தெரிவித்தல் வேண்டும். அக்கடிதத்தைக் குறிப்பேட்டின் அடுத்த பக்கத்தில் 'ஆசிரியருக்குக் கடிதம்' என்னும் தலைப்பின்கீழ் ஒட்டிக்கொள்ள அவர் இசைவைக் கேட்டிருக்கின்றோம். செய்தித்தாளாயின் மறுப்புக்கும் அதில் இடமிருத்தல் வேண்டுமன்றோ.

வருமாண்டு துப்புரவு நாள் நடத்துவார்க்கு எம் வேண்டுகோள் பெரிதன்று. ஒரு வாரம் முன்னதாக நால்வர் தெருவை நடந்து பார்த்து, எங்கே எது கிடக்கிறதென எழுதி வருக. அத்தெருவை நாள்தோறும் பெருக்குவாரிடம் நாளும் நேரமும் வண்டி வரும் பொழுதும் கேட்டு, அவர் சொற்படி நாளைக் குறிக்க. அவரன்றோ அவ்வேலையை அறிந்தவர்? மூட்டை மூவகையாகுக. குடிநீரைப் பெரிய பானையில் வைத்து, வீட்டினின்று குவளை கொண்டுவரச் செய்க. புகைப்படம் வேண்டாம் என்று யாம் சொல்லவில்லை. மூட்டைகள் வண்டியேறிச் சென்றபின் எடுத்துக்கொள்க. கலைவிழாவிற்குத் தாள் அச்சிடுவதா, சுவரெழுத்தே போதுமா என்பதைக் கலைவிழாக் குழுவினர் ஆராய்வார்களாக. அவர்கள் இதனைப் படித்து எம்மேற் சினங்கொள்வார்கள் என்பதும் தெரியும்.

இவற்றுள் ஒன்று ஏற்கெனவே நடந்துவிட்டது. வாயிலருகேயுள்ள தேநீர்க் கடைக்காரரிடம் எம் பக்கத்தின் 'வாணிகம்' பகுதியைக் காட்டினோம். தம் கடைக் குவளைகள் இத்தனையா என்று திகைத்தார். கண்ணாடிக் குவளை வைத்தால் கழுவ ஆள் வேண்டும், உடைந்தால் நட்டம் என்று முதலில் மறுத்தார். கண்ணாடிக் குவளையில் பருகுவார்க்கு இப்போது ஒரு ரூபாய் குறைத்துக் கொடுக்கிறார். நின்று பருகுவோர் அதனையே கேட்கின்றனர்; வாங்கிக்கொண்டு ஓடுவோர் இன்னும் காகிதக் குவளையே கேட்கின்றனர். ஓடுவோரில் நம் மாணாக்கரே பெரும்பாலார்.

பக்கத்தின் வலப்புறக் கீழ்மூலையில் ஒரு பத்தி வெறுமையாக விடப்பட்டிருத்தலைக் கண்டு, பசை தீர்ந்துவிட்டதோ என்று சிலர் வினவினர். கல்லூரி மீண்டும் திறந்து ஒரு திங்கள் கழிந்தபின், அதே தெருவில், அம்மையார் குறித்துத் தரும் நாளில், மூன்று மூட்டைக் குப்பையை மீண்டும் எண்ண இருக்கின்றோம். அவ்வெண்ணிக்கையை எழுதுதற்குரிய இடம் அது.